கடல் உயிரினப் புரதங்கள்: உணவாக எவ்வளவு, மருந்தாக எவ்வளவு?

முந்நீர் (கேள்வி)

வணக்கம். கடல்வாழ் உயிரினங்களிலிருந்து பெறப்படும் புரதங்களைப் பற்றிப் பலவாறான செய்திகள் கண்ணில் படுகின்றன. மீன் கொலாஜன் தோல் சுருக்கத்தைப் போக்கும், மூட்டு வலியைத் தணிக்கும் என்கிறார்கள். மீன் புரதத்தைச் சிதைத்துப் பெறும் பெப்டைடுகள் (அமினோ அமிலங்களின் சிறு தொடர்கள்) இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்கிறார்கள். கடற்பாசிப் புரதம் இறைச்சிக்கு ஈடாகும் என்கிறார்கள். இன்னொரு புறம், கடல் நத்தையின் நஞ்சிலிருந்து வலிநிவாரணி உருவானது, சொறிமீனின் ஒளிரும் புரதத்துக்காக நோபல் பரிசு அளிக்கப்பட்டது என்பன போன்ற, ஐயத்துக்கு இடமில்லாத அறிவியல் செய்திகளும் உள்ளன. இந்த இரண்டாம் வகைச் செய்திகளுக்குள்ள மதிப்பை வைத்துக்கொண்டு முதல் வகைப் பொருள்களை விற்கிறார்களோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

எனவே சிலவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன். மீன், இறால், சிப்பி முதலியவற்றின் புரதம் பிற புரதங்களைவிட உண்மையிலேயே மேலானதா? புரதப் பொடி, கொலாஜன், பெப்டைடு என்று பிரித்து விற்கப்படுவனவற்றுக்குச் சான்று எவ்வளவு வலுவானது? உணவைத் தாண்டி, மருத்துவத்திலும் தொழிலிலும் இப்புரதங்கள் எங்கே நிலைபெற்றிருக்கின்றன? வீட்டில் அறுபது வயதைக் கடந்த இருவர் கொலாஜன் பொடியை உட்கொள்ளத் தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதால், துறை அறிந்தவர்கள் சற்று விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும்.

கலங்கரை (பதில்)

உணவு அறிவியல் பயிற்றுவிப்பவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் விடையளிக்கிறேன்.

மீன் தசையின் எடையில் ஏறத்தாழ 15 முதல் 22 விழுக்காடு வரை புரதம் உள்ளது. அதாவது 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் என்று கணக்கிட்டால் பெரிதும் பிழையாகாது. உடல் தானாக உருவாக்கிக்கொள்ள முடியாத 9 அமினோ அமிலங்களும் அதில் போதிய அளவில் இருக்கின்றன. தானியங்களில் குறைவாக உள்ள லைசின் மீனில் நிறைந்திருப்பதால், தானியத்தை முதன்மை உணவாகக் கொண்டவர்கள் சிறிதளவு மீன் சேர்த்துக்கொண்டாலும் அவ்வுணவின் மொத்தப் புரதத் தரம் உயர்கிறது. முட்டை, பால், இறைச்சி ஆகியவற்றின் புரதமும் முழுமையானதே என்பதால், அமினோ அமிலக் கணக்கை மட்டும் வைத்து மீனை அவற்றுக்கு மேலே வைக்க இயலாது.

வேறுபாடு தசையின் அமைப்பில் இருக்கிறது. நீரில் மிதந்து வாழும் உயிரினம் தன் எடையைத் தாங்கி நிற்கவேண்டிய தேவை இல்லாததால், நில விலங்குகளின் தசையோடு ஒப்பிடும்போது மீன் தசையில் இணைப்புத் திசு மிகக் குறைவு. தசை நார்களும் குட்டையானவை. அவற்றைப் பிரிக்கும் மென்படலங்கள் குறைந்த வெப்பத்திலேயே இளகிவிடுகின்றன. வெந்த மீன் விரலால் தொட்டாலே ஏடு ஏடாகப் பிரிவது இதனால்தான். மெல்லும் வலு குறைந்த முதியவர்களுக்கும், நோயிலிருந்து தேறி வருபவர்களுக்கும் மீனைப் பரிந்துரைப்பதற்கு, அதன் புரதம் எளிதில் செரிக்கிறது என்பதோடு இந்த மென்மையும் ஒரு காரணம். முதுமையில் தசை இழப்பைத் தடுக்க, உடல் எடையில் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை அன்றாடம் புரதம் தேவை என்று ஊட்டச்சத்து வல்லுநர் குழுக்கள் கருதுகின்றன. பசி குறைந்த ஒருவர் இந்த அளவை எட்டுவதற்கு மென்மையான புரத உணவு பெருந்துணையாகும்.

இங்கே ஒரு குழப்பத்தைக் களையவேண்டும். மீன் உண்பவர்களுக்கு இதய நோய் குறைவு என்று பல மக்கள்தொகை ஆய்வுகள் கூறுவது உண்மை. அந்த நன்மையில் மீன் எண்ணெயின் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களுக்குப் பங்கு உண்டு. மீன் வந்த இடத்தில் கொழுப்பு மிகுந்த இறைச்சி விலகிவிடுவதற்கும் பங்கு உண்டு. செலினியம், அயோடின், வைட்டமின் டி, பி-12 ஆகியவற்றுக்கும் ஓரளவு பங்கு இருக்கலாம். புரதத்தை மட்டும் பிரித்து உலர்த்திப் பொடியாக்கும்போது இவற்றில் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. ஆகவே முழு மீனைப் பற்றிய ஆய்வு முடிவுகளைப் புரதப் பொடியின் உறையில் அச்சிடுவது முறையன்று.

கடற்பாசியைப் பற்றி ஒரு சொல். சிவப்புப் பாசிகளில் சில, உலர் எடையில் 40 விழுக்காட்டுக்கு மேலும் புரதம் கொண்டவை. பழுப்புப் பாசிகளில் பெரும்பாலும் 15 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. ஆனால் உலர்ந்த பாசியை ஒரு வேளைக்கு யாரும் சில கிராமுக்கு மேல் உண்பதில்லை. அவற்றின் கடினமான செல் சுவர் செரிமானத்துக்கும் தடையாக இருக்கிறது. பெரிய பழுப்புப் பாசிகளைப் புரதத்துக்காக மிகுதியாக உண்டால் அயோடின் அளவு மீறித் தைராய்டு சுரப்பி பாதிக்கப்படும். இறைச்சிக்கு ஈடு என்ற பேச்சு, புரதத்தைப் பிரித்தெடுக்கும் தொழில்நுட்பம் முன்னேறினால் வருங்காலத்தில் பொருந்தலாம். தட்டில் வைக்கும் பாசிக்கு இன்று அது பொருந்தாது.

பரவை (பதில்)

கலங்கரை அவர்கள் உணவைப் பற்றி எழுதியதை அப்படியே ஏற்கிறேன். மருந்தியல் துறையிலிருந்து இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். கொலாஜனைப் பற்றிச் சற்று விரித்து எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். குழப்பம் மிகுதியாக இருப்பது அங்கேதான்.

மீனின் தோல், செதில், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் கொலாஜன், ஊட்டச்சத்து நோக்கில் பார்த்தால் குறைபாடுள்ள புரதம். அதன் அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின். புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் மிகுதி. டிரிப்டோபான் என்னும் இன்றியமையாத அமினோ அமிலம் அதில் அறவே இல்லை. ஆகவே 10 கிராம் கொலாஜனை விழுங்கிவிட்டு, அன்றைய புரதத் தேவையில் 10 கிராம் நிறைவேறிவிட்டது என்று கணக்கு வைப்பது தவறு. பசி குறைந்த முதியவர்கள் உணவுக்கு மாற்றாகக் கொலாஜன் பொடியைக் குடித்தால் நன்மையைவிடத் தீமையே மிகும்.

'மீன் கொலாஜனின் மூலக்கூறு சிறியது, ஆகவே மாட்டுக் கொலாஜனைவிட நன்றாக உட்கிரகிக்கப்படும்' என்பது அடிக்கடி கேட்கும் வாதம். இயற்கை நிலையில் எந்த விலங்கின் கொலாஜனும் சுமார் 3,00,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள மும்முறுக்கு இழைதான். விற்பனைக்கு வரும் பொடியில் அது நொதிகளால் வெட்டப்பட்டுப் பெரும்பாலும் சில ஆயிரம் டால்டன் அளவுக்குக் குறைக்கப்பட்டிருக்கிறது. அந்த அளவைத் தீர்மானிப்பது எந்த நொதியை எவ்வளவு நேரம் செயல்பட விட்டார்கள் என்பதே. மீனா மாடா என்பதற்கு அதில் இடமில்லை.

அப்படியானால் கொலாஜன் பொடியால் ஒன்றுமே நிகழாது என்று சொல்லிவிடலாமா? அதுவும் சரியன்று. ஹைட்ராக்சிபுரோலின் இடம்பெறும் சில சிறு பெப்டைடுகள் குடலின் நொதிகளுக்கு எளிதில் மசிவதில்லை. சிதைத்த கொலாஜனை உட்கொண்டவர்களின் இரத்தத்தில் புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் இணைந்த இரட்டைப் பெப்டைடு அப்படியே காணப்படுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-இல் காட்டினார்கள். அது தோலில் உள்ள செல்களைத் தூண்டக்கூடும் என்பது அறிவியலுக்கு ஒவ்வாத கருத்தன்று. எனினும் ஒரு பொருள் இரத்தத்தில் தென்படுவதற்கும் தோல் சுருக்கம் மறைவதற்கும் இடையே நெடுந்தொலைவு இருக்கிறது.

அன்றாடம் சில கிராம் வீதம் 8 அல்லது 12 வாரங்கள் கொடுத்துச் செய்த சோதனைகள் பலவற்றில் தோலின் ஈரப்பதமும் நெகிழ்வும் சற்றுக் கூடியதாகவே முடிவுகள் வந்தன. ஆனால் அவற்றில் கணிசமானவை உற்பத்தியாளர்களின் நிதியில் நடந்தவை. 2025-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, நிறுவன நிதியில்லாமல் நடந்த சோதனைகளைத் தனியே பிரித்துப் பார்த்தபோது பலன் தென்படவில்லை என்று கூறியது. மூட்டுக்கான உரிமைகோரலை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் ஆராய்ந்து, காரண-விளைவுத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று முடிவு செய்தது. உங்கள் வீட்டாருக்கு என் கருத்து இதுதான்: ஒவ்வாமையோ சிறுநீரக நோயோ இல்லாதவர்களுக்குக் கொலாஜன் பொடி பெருந்தீங்கு செய்யாது, ஆனால் அதற்கு ஒதுக்கும் பணத்துக்கு முட்டையும் மீனும் பருப்பும் வாங்கினால் கிடைக்கும் பலன் உறுதியானது.

இரத்த அழுத்தப் பெப்டைடுகளின் கதை இதைவிடச் சுவையானது. உடலில் ஆஞ்சியோடென்சினை மாற்றும் நொதி, அதாவது ஏ.சி.இ., இரத்தக் குழாய்களைச் சுருக்கும் பொருளை உருவாக்குகிறது. உலர்த்திப் பதப்படுத்திய சூரையினப் புரதத்தை நொதியால் வெட்டியபோது, இந்த ஏ.சி.இ.-யைத் தடுக்கும் ஐந்து அமினோ அமிலப் பெப்டைடு ஒன்று கிடைத்தது. ஏ.சி.இ. அந்தப் பெப்டைடையே வெட்டி மூன்று அமினோ அமிலத் துண்டாக்குகிறது. அந்தத் துண்டு முன்னதைவிட வலிமையான தடுப்பானாக அமைந்துவிடுகிறது. நொதி தன் தடையைத் தானே கூர்மையாக்கிக்கொள்ளும் இந்த இயக்கம் ஆய்வாளர்களை ஈர்த்ததில் வியப்பில்லை. சூரைப் பெப்டைடு, மத்திப் பெப்டைடு ஆகியவற்றைக் கொண்ட உணவுகள் ஜப்பானின் சிறப்பு நலவாழ்வு உணவுத் திட்டத்தில் அனுமதி பெற்றன. ஆனால் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சூரைப் பெப்டைடின் சான்றுகளை 2010-இல் பரிசீலித்து, உரிமைகோரலை ஏற்க மறுத்தது. ஒரே பொருளுக்கு இரு வேறு தீர்ப்புகள் என்பது முரண்பாடாகத் தோன்றலாம். எவ்வளவு சான்று போதும் என்பதற்கு இரு அமைப்புகளும் வைத்துள்ள அளவுகோல் வேறு என்பதே விளக்கம். எப்படியாயினும், மருத்துவர் கொடுத்த இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இப்பெப்டைடுகளை நம்புவது ஆபத்தானது.

முந்நீர்

இருவருக்கும் நன்றி. ஓர் ஐயம் எழுகிறது. குடலில் புரதம் சிதைந்துவிடும் என்பதுதான் இவற்றின் வலுவின்மைக்குக் காரணம் என்றால், நத்தை நஞ்சு போன்றவை மட்டும் மருந்தாக எப்படிச் செயல்படுகின்றன? அவையும் புரத வகையைச் சேர்ந்தவைதாமே?

பரவை

நல்ல கேள்வி. விடை எளியது: அவற்றை யாரும் விழுங்குவதில்லை. கடல் புரதங்களில் மருத்துவ மதிப்பு உறுதிப்பட்டவை ஏறக்குறைய அனைத்தும் ஊசி வழியாகவோ, முதுகுத்தண்டு நீரிலோ, காயத்தின் மீதோ, உடலுக்கு வெளியே சோதனைக் குழாயிலோ செயல்படுபவை. உங்கள் முதல் ஐயத்துக்கும் இதிலேயே விடை உண்டு. நஞ்சின் புகழைக் காட்டிப் பொடியை விற்பவர், குடல் என்னும் தடையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்.

மிகப் பழைய எடுத்துக்காட்டு புரோட்டமின். ரைன் ஆற்றில் பிடித்த சால்மன் மீன்களின் விந்தணுக்களை ஆராய்ந்தபோது ஃபிரீட்ரிக் மீஷர் 1874-இல் இதைக் கண்டறிந்தார். இதன் அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அர்ஜினின் என்பதால், இது வலுவான நேர்மின்னேற்றம் உடையது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினோ எதிர்மின்னேற்றம் உடையது. இரண்டும் சேர்ந்தவுடன் பிணைந்து செயலிழக்கின்றன. திறந்த இதய அறுவை சிகிச்சையின்போது நோயாளியின் இரத்தம் இயந்திரத்தின் வழியே ஓடுவதற்காக ஹெப்பாரின் கொடுக்கப்படுகிறது. சிகிச்சை முடிந்ததும் அதன் விளைவை நீக்கக் கொடுக்கப்படுவது இந்த மீன் புரதமே. 1936-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹாகெடார்ன், இன்சுலினோடு புரோட்டமினைச் சேர்த்தால் அது மெதுவாகக் கரைந்து நெடுநேரம் செயல்படும் என்று காட்டினார். இன்றும் பயன்பாட்டில் உள்ள என்.பி.எச். இன்சுலின் அதன் வழித்தோன்றலாகும்; பெயரின் நடுவெழுத்து புரோட்டமினைக் குறிப்பது.

சால்மன் மீனின் கால்சிட்டோனின் 32 அமினோ அமிலங்களாலான ஹார்மோன். மனிதனின் எலும்பில் மனிதக் கால்சிட்டோனினைவிடப் பல மடங்கு வீரியமாகச் செயல்படுவதால், எலும்புத் தேய்வுக்கு அது நெடுங்காலம் பயன்பட்டது. நீண்ட காலப் பயன்பாட்டில் புற்றுநோய் இடர் சிறிதளவு கூடுவதாகத் தரவுகள் காட்டியதால், ஐரோப்பிய மருந்துகள் முகமை 2012-இல் மூக்குத் தெளிப்பு வடிவத்தை விலக்கிக்கொள்ளவும், ஊசியைக் குறுகிய காலத்துக்கு மட்டும் பயன்படுத்தவும் பரிந்துரைத்தது. இயற்கையிலிருந்து வந்தது என்பதே பாதுகாப்புக்கு உறுதியாகாது என்பதற்கு இதைத்தான் நான் மாணவர்களுக்குச் சொல்வது வழக்கம்.

நத்தை நஞ்சுக்கு வருவோம். மீன்களை வேட்டையாடும் கூம்பு நத்தைகள், ஈட்டி போன்ற பல்லால் குத்தி நஞ்சைச் செலுத்துகின்றன. பால்டோமெரோ ஒலிவெராவின் குழு இந்நஞ்சுகளை ஒவ்வொரு கூறாகப் பிரித்து ஆராய்ந்ததில், கோனஸ் மேகஸ் என்னும் இனத்திலிருந்து 25 அமினோ அமிலங்களும் மூன்று கந்தகப் பாலங்களும் கொண்ட பெப்டைடு கிடைத்தது. அது நரம்பு முனைகளில் உள்ள 'என்' (N) வகைக் கால்சியம் வாயில்களை மட்டும் குறிவைத்து அடைக்கிறது. வலிச் செய்தி முதுகுத்தண்டில் அடுத்த நரம்புக்குக் கடத்தப்படாமல் நின்றுவிடுகிறது. சைகோனோடைடு என்ற பெயரில், ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரிக்கப்படும் இம்மருந்துக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004 டிசம்பரில் அனுமதி அளித்தது. மார்ஃபினைப் போல இதற்கு உடல் பழகிப்போவதில்லை என்பது பெரிய நன்மை. ஆனால் முதுகுத்தண்டு நீருக்குள் குழாய் வைத்துச் சிறு பம்பினால் செலுத்தவேண்டும். மனக்குழப்பம், மாயக்காட்சி போன்ற கடுமையான பக்கவிளைவுகளும் உண்டு. ஆகவே பிற வழிகள் பயனளிக்காத கடும் வலிக்கு மட்டுமே இது உரியது.

அதே நத்தைக் குடும்பத்தில் கோனஸ் ஜியோகிராஃபஸ் என்னும் இனம் மீன்களை மயக்குவதற்கு இன்சுலினையே ஆயுதமாகப் பயன்படுத்துகிறது என்பது 2015-இல் வெளிவந்தது. திடீரெனச் சர்க்கரை குறைந்து சோர்ந்துபோகும் மீனை அது விழுங்கிவிடுகிறது. மனித இன்சுலின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று திரள்வதற்குக் காரணமான பகுதி நத்தையின் இன்சுலினில் இல்லாததால், அது மிக விரைவாகச் செயல்படுகிறது. இந்த வடிவத்தைப் பின்பற்றி விரைவு இன்சுலினை உருவாக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. இவ்வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே.

புற்றுநோய்த் துறையில், டோலபெல்லா என்னும் கடல் முயலில் (ஒரு வகைக் கடல் நத்தை) கண்டறியப்பட்ட டோலாஸ்டாட்டின் 10 என்ற சிறு பெப்டைடைக் குறிப்பிடவேண்டும். தனித்துக் கொடுத்தபோது நச்சுத்தன்மை மிகுந்திருந்ததால் அது மருந்தாகவில்லை. அதன் சாயலில் செய்யப்பட்ட மூலக்கூறை, புற்றுச்செல்லைத் தேடிச் செல்லும் எதிர்ப்பொருளோடு இணைத்தபோது உருவான பிரென்டுக்சிமாப் வெடோட்டின் 2011-இல் அனுமதி பெற்றது. சில நிணநீர்ப் புற்றுநோய்களுக்கு அது பயன்படுகிறது.

உப்பளம் (பதில்)

பரவை அவர்கள் மருந்துகளைச் சொன்னார். நான் உயிரித்தொழில்நுட்பத் துறையில் பணியாற்றுவதால், நோயாளியின் உடலுக்குள் செல்லாமலேயே பயன்தரும் புரதங்களைச் சொல்கிறேன். என் எண்ணத்தில், மனித நலத்துக்குக் கடல் புரதங்கள் செய்துள்ள பெரிய உதவி இங்கேதான் இருக்கிறது.

ஊசி மருந்து, தடுப்பூசி, உடலில் பொருத்தும் கருவி ஆகியவற்றில் பாக்டீரியாவின் அகநச்சு கலந்துள்ளதா என்று சோதித்தே ஆகவேண்டும். முன்பு முயல்களுக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் வருகிறதா என்று பார்த்தார்கள். குதிரைலாட நண்டின் நீல இரத்தத்தில் உள்ள செல்கள், அகநச்சு சிறிதளவு பட்டாலும் கட்டியாக உறைந்துவிடுவதை ஃபிரடெரிக் பேங், ஜாக் லெவின் ஆகியோர் கண்டறிந்தனர். இந்தச் செல்களின் சாற்றைக் கொண்டு செய்யும் சோதனை 1977-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டு, பின்னர் உலகெங்கும் பரவியது. இதற்காக ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான நண்டுகள் பிடிக்கப்பட்டு, இரத்தம் எடுக்கப்பட்டுத் திரும்பக் கடலில் விடப்படுகின்றன. அவற்றில் ஒரு பகுதி இறந்துவிடுகின்றன. நஞ்சை முதலில் உணரும் 'காரணி சி' என்னும் புரதத்தின் மரபணுவைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்ததால், நண்டே இல்லாமல் செல் வளர்ப்பில் அப்புரதத்தை உருவாக்க முடிந்தது. ஐரோப்பிய மருந்து நூல் 2021 முதல் இம்முறையை ஏற்றுள்ளது.

சொறிமீனின் பச்சை ஒளிர் புரதத்தை ஒசாமு ஷிமோமுரா 1962-இல் விவரித்தார். 238 அமினோ அமிலங்களாலான இப்புரதம், வேறு துணைப் பொருள் எதுவும் இல்லாமல் தானே ஒளிரும் அமைப்பைத் தனக்குள் உருவாக்கிக்கொள்கிறது. அதன் மரபணுவை வேறோர் உயிரினத்தில் செருகினாலும் ஒளிரும் என்று மார்ட்டின் சால்ஃபி 1994-இல் காட்டினார். ரோஜர் சியென் அதைப் பல நிறங்களில் மாற்றியமைத்தார். மூவரும் 2008-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். உயிருள்ள செல்லுக்குள் ஒரு புரதம் எங்கே போகிறது, புற்றுநோய் எவ்வாறு பரவுகிறது என்பவற்றையெல்லாம் கண்ணால் காணவைத்தது இதுவே. சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கப்படும் ஃபைகோஎரித்ரின் என்ற ஒளிர் புரதமும், இரத்தச் செல்களை வகைபிரித்து எண்ணும் கருவிகளில் அன்றாடம் பயன்படுகிறது.

ஒரு செய்தியில் பரவை அவர்களிடமிருந்து சற்று மாறுபடுகிறேன். கொலாஜனை விழுங்குவதன் பலனைப் பற்றி அவர் எழுதியது சரி. ஆனால் மீன் கொலாஜன் என்றாலே விளம்பரச் சரக்கு என்ற எண்ணம் படிப்பவர்களுக்கு வந்துவிடக்கூடாது. மீனைப் பதப்படுத்தும்போது தலை, தோல், எலும்பு, செதில், குடல் என எடையில் பெரும்பகுதி ஒதுக்கப்படுகிறது. அதில் தரமான புரதம் மிகுதியாக இருக்கிறது. செல்களை நீக்கிப் பதப்படுத்திய காட் மீன் தோல், ஆறாத புண்களின் மீதும் தீக்காயங்களின் மீதும் பொருத்தும் திசுவாகப் பயன்படுகிறது. அமெரிக்காவில் 2013-இல் அதற்கு அனுமதி கிடைத்தது. குளிர்நீர் மீன்களிலிருந்து மனிதருக்கு வைரஸ் நோய் தொற்றும் அச்சம் மிகக் குறைவு என்பதால், பாலூட்டிகளின் திசுவைப் போலக் கடுமையான வேதிப்பொருள்களால் அதைக் கழுவவேண்டியதில்லை; தோலின் நுண்துளை அமைப்பு கெடாமல் இருக்கிறது; நோயாளியின் செல்கள் அதற்குள் எளிதாகக் குடியேறுகின்றன. மாடுகளின் மூளை நோய் குறித்த அச்சம் பரவியபோது மீன் ஜெலட்டினை (கொலாஜனைச் சூடாக்கிப் பெறும் பொருள்) நோக்கித் தொழில்துறை திரும்பியதும் நினைவுகூரத்தக்கது.

அதன் குறையையும் சொல்லவேண்டும். குளிர்நீர் மீன்களின் கொலாஜனில் ஹைட்ராக்சிபுரோலின் குறைவு என்பதால் அதன் முறுக்கு குறைந்த வெப்பத்திலேயே அவிழ்ந்துவிடும். காட் மீனின் கொலாஜன் மனித உடல் வெப்பத்தைத் தாங்காது. ஆகவே உடலுக்குள் நிலைத்திருக்கவேண்டிய பொருள்களைச் செய்யும்போது, இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்குகிறார்கள் அல்லது வெப்பமண்டல மீன்களின் கொலாஜனை நாடுகிறார்கள்.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். கடல் நீர் சுமார் −1.9 பாகை செல்சியஸில்தான் உறைகிறது; சாதாரண மீனின் இரத்தமோ அதற்கு முன்பே உறைந்துவிடும். துருவக் கடல் மீன்கள் உறையாமல் இருப்பதற்கு, பனிப் படிகத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு அதை வளரவிடாமல் தடுக்கும் புரதங்களே காரணம் என்று ஆர்தர் டெவ்ரிஸ் 1960-களின் இறுதியில் கண்டறிந்தார். இவ்வகைப் புரதம் ஒன்று ஈஸ்ட்டில் உற்பத்தி செய்யப்பட்டு, ஐஸ்கிரீமில் பனித்துகள்கள் பெரிதாகாமல் தடுக்கப் பயன்படுகிறது. உறுப்புகளை உறையவைத்துப் பாதுகாக்கும் ஆராய்ச்சியிலும் இதற்கு இடம் உண்டு. அடுத்தது, அலை மோதும் பாறையில் ஈரத்திலேயே ஒட்டிக்கொள்ளும் மட்டிகளின் பசைப் புரதம். அதிலுள்ள டோபா என்னும் மாறுபட்ட அமினோ அமிலமே ஒட்டும் தன்மைக்குக் காரணம். ஈரமான திசுக்களைத் தையலில்லாமல் ஒட்டும் பசைகளுக்கு இது முன்மாதிரியாக இருந்தாலும், மருத்துவமனைகளில் அவை பரவலாக வருவதற்கு இன்னும் காலம் ஆகும்.

கலங்கரை

பாதுகாப்பைப் பற்றி இதுவரை யாரும் எழுதாததால் மீண்டும் வருகிறேன்.

மீன் ஒவ்வாமைக்கு முதன்மைக் காரணம் பார்வால்புமின் என்னும் சிறு தசைப் புரதம். இறால், நண்டு முதலியவற்றின் ஒவ்வாமைக்கு முதன்மைக் காரணம் ட்ரோபோமயோசின். இரண்டும் வெப்பத்தைத் தாங்குபவை. நன்றாக வேகவைத்தால் ஒவ்வாமை வராது என்று எண்ணுவது உயிருக்கே தீங்காக முடியலாம். இரண்டும் வெவ்வேறு புரதங்கள் என்பதால், இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு மீனும் ஒத்துக்கொள்ளாது என்ற கட்டாயம் இல்லை. மாறாக, வீட்டுத் தூசிப் பேனிலும் ட்ரோபோமயோசின் இருப்பதால், தூசி ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு இறாலும் ஒவ்வாமல் போகிறது.

மீன் உண்டபின் முகம் சிவந்து தடிப்பது எல்லாமே ஒவ்வாமையும் அன்று. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி; மீனைக் குளிரூட்டாமல் வைத்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. சமைத்தாலும் ஹிஸ்டமின் அழிவதில்லை.

பாதரசம் பற்றிய ஒரு நுட்பம் புரதப் பொடி வாங்குபவர்களுக்கு முக்கியமானது. மீத்தைல் பாதரசம் கொழுப்பில் தங்குகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது தசைப் புரதத்தில் உள்ள சிஸ்டீனின் கந்தகத்தோடு பிணைந்திருக்கிறது. ஆகவே தோலையும் கொழுப்பையும் நீக்குவதாலோ சமைப்பதாலோ அது குறையாது. தசைப் புரதத்தைச் செறிவூட்டினால் பாதரசமும் உடன் செறிவடைய வாய்ப்பு உண்டு. சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களில் இது மிகுதி. மத்தி போன்ற சிறு மீன்களில் குறைவு. எந்த மீனிலிருந்து எடுத்தது, கன உலோகச் சோதனை நடந்ததா என்ற இரு விவரங்களும் உறையில் இல்லாத பொடியை நான் வாங்கமாட்டேன். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள், எந்த மூலத்திலிருந்து வந்த புரதப் பொடியாக இருந்தாலும், மருத்துவரின் ஒப்புதலின்றித் தொடங்கக்கூடாது.

முந்நீர்

நான் எதிர்பார்த்ததைவிடத் தெளிவான விளக்கங்கள், மூவருக்கும் நன்றி. கொலாஜன் பொடியை வாங்குவதில்லை என்று வீட்டில் முடிவாகிவிட்டது. இறுதியாக ஒன்று: அவ்விருவரில் ஒருவருக்கு இளமையிலிருந்தே மீன் ஒவ்வாமை உண்டு. அவருக்கு மீன் கொலாஜன் எந்நிலையிலும் ஆகாதா? பரவை அவர்கள் குறிப்பிட்ட புரோட்டமினும் அவருக்கு இடராகுமா?

பரவை

முதலாவதற்கு: கொலாஜனும் ஜெலட்டினும் பார்வால்புமினோடு ஒப்பிட்டால் ஒவ்வாமையைக் குறைவாகவே தூண்டுகின்றன. ஆனால் மீன் கொலாஜனுக்கே ஒவ்வாமை காட்டுபவர்களும் இருக்கிறார்கள்; தயாரிப்பில் தசைப் புரதம் சிறிதளவு எஞ்சியிருக்கவும் கூடும். ஒவ்வாமை மருத்துவர் சோதித்துச் சொல்லாதவரை அவர் தவிர்ப்பதே முறை. இனிப்புகள், மருந்து உறைகள், சில பானங்கள் ஆகியவற்றில் மீன் ஜெலட்டின் இருக்கலாம் என்பதால் உறையிலுள்ள சேர்மானப் பட்டியலையும் பார்க்கவேண்டும்.

இரண்டாவது கேள்வியை நீங்கள் எழுப்பியது நல்லது. புரோட்டமினின் மருந்துக் குறிப்பிலேயே மீன் ஒவ்வாமை எச்சரிக்கையாக இடம்பெற்றுள்ளது. முன்பு புரோட்டமின் பெற்றவர்கள், புரோட்டமின் சேர்ந்த இன்சுலினை நெடுநாள் போட்டுக்கொண்டவர்கள், விந்துக்குழாய் அறுவை செய்துகொண்ட ஆண்கள் ஆகியோருக்கும் கடுமையான எதிர்வினை ஏற்படும் வாய்ப்பு கூடுதல். மீன் ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோர் புரோட்டமினைத் தாங்கிக்கொள்கிறார்கள் என்றாலும், அறுவை அரங்கில் திடீரென இரத்த அழுத்தம் சரிந்தால் காரணத்தை ஊகிக்க மயக்கவியல் மருத்துவருக்கு இத்தகவல் தேவை. இதயம் அல்லது இரத்தக் குழாய் தொடர்பான சிகிச்சை எதற்காவது அவர் செல்ல நேர்ந்தால், ஒவ்வாமைகள் என்ற கட்டத்தில் மருந்துகளை மட்டும் எழுதாமல் மீனையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அவர் இன்சுலின் போட்டுக்கொள்பவராக இருந்தால் அதன் வகையையும் அருகில் குறித்துவிடுங்கள்.